பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வயது ஒரு தடையா? – வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

பித்தக்கற்களுக்காகப் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை குறித்து வந்திருக்கும் கடிதங்களில், நோயைப் பற்றிய ஐயங்களைவிட நோயாளியின் வயதைப் பற்றிய ஐயங்களே மிகுதியாக இருக்கின்றன. தாய்க்கு வயதாகிவிட்டதே என்று ஒருவர் தயங்குகிறார். தமக்கு வயது குறைவுதானே என்று இன்னொருவர் தள்ளிப்போடுகிறார். ஆகவே இம்முறை அந்த ஒரு பொருளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. வலது விலாவுக்குக் கீழே இருமுறை கடுமையான வலி வந்தது. இரண்டாவது முறை காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் பல கற்களும் பித்தப்பை அழற்சியும் தெரிந்தன. ஆன்டிபயாடிக் மருந்துகளில் அழற்சி தணிந்து வீடு திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது என்கிறார் மருத்துவர். 'இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம்' என்கிறார்கள் உறவினர்கள். நீரிழிவும் ரத்த அழுத்தமும் உண்டு, இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்கிறார். என்ன செய்வது?

பதில்: மருத்துவர் சொல்வதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. உறவினர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருப்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உறவினர்களின் அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பித்தப்பையை முதன்முதலாக அகற்றியவர் பெர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கன்புக், ஆண்டு 1882, நோயாளிக்கு வயது 43. அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம், விலா எலும்புக்குக் கீழே நீளமாக வெட்டித் திறந்துதான் இந்த அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அந்தக் காயத்தின் வலியால் முதியவர்கள் மூச்சை ஆழமாக இழுக்கவும் இருமவும் முடியாமல் படுக்கையிலேயே கிடந்து, நுரையீரலில் சளி தேங்கி, நிமோனியாவுக்கு ஆளானார்கள். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை அகற்றிக் காட்டியபின், அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. சிறு துளைகள் வழியே செய்யும் இந்த முறையால் மிகுதியாகப் பயன் பெற்றவர்கள் முதியவர்கள்தாம் என்பது என் கருத்து. இளைஞர் ஒருவர் பெரிய வெட்டுக் காயத்தையும் தாங்கிக்கொண்டு எழுந்து நடந்துவிடுவார். எண்பதை நெருங்கியவருக்கோ, மறுநாளே எழுந்து நடக்க முடிகிறதா இல்லையா என்பதில்தான் பெரும்பகுதி விளைவு அடங்கியிருக்கிறது.

அடுத்து, உறவினர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை செய்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர் குறைவு. ஒருமுறை அழற்சி கண்ட பித்தப்பை, கற்களோடு உள்ளேயே இருக்கும்போது மீண்டும் தொல்லை தருவது மிகவும் சாதாரணம். பித்தப்பை அழற்சியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 30,000 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2010-இல் வெளியானது. அவர்களில் நால்வரில் ஒருவருக்கு அந்த முறை பித்தப்பை அகற்றப்படவில்லை. அவ்வாறு விடப்பட்டவர்களில் 38 சதவீதத்தினர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பித்தக்கல் தொல்லையால் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார்கள். அகற்றப்பட்டவர்களில் அப்படி வந்தவர்கள் 4 சதவீதத்தினரே. அறுவை சிகிச்சை செய்யாமல் விடப்பட்டவர்கள் தொடக்கத்திலேயே உடல்நிலை மோசமானவர்களாக இருந்திருக்கலாம் என்று வாதிடுவதில் நியாயம் உண்டு. இறப்பு எண்ணிக்கையை ஒப்பிடும்போது அந்த எச்சரிக்கை தேவைதான். ஆனால் கல் தொல்லை திரும்ப வருவதற்குக் கல்லும் பையும் உள்ளே இருப்பதே காரணம் என்பதை அந்த வாதம் மாற்றிவிடாது.

அப்படித் திரும்ப வரும்போது உங்கள் தாயாருக்கு வயது 79 ஆகவோ 80 ஆகவோ இருக்கும். சர்க்கரை ஏறியிருக்கும், காய்ச்சலும் நீரிழப்பும் இருக்கும், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தில் கல் இறங்கியிருந்தால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ கூடவே வந்திருக்கும். அந்த நிலையில் நள்ளிரவில் எடுக்க வேண்டிய முடிவை, நிதானமாக இருக்கும் இப்போது எடுத்துக்கொள்வதே திட்டமிட்ட அறுவை சிகிச்சையின் பொருள். எந்த வயதை எடுத்துக்கொண்டாலும், திட்டமிட்டுச் செய்வதற்கும் அவசரமாகச் செய்வதற்கும் இடையே சிக்கல்களிலும் உயிரிழப்பிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வயது ஏற ஏற இந்த வேறுபாடு இன்னும் அகலமாகிறது. முதியவர்களின் அறுவை சிகிச்சை முடிவுகள் மோசம் என்று நம் காதில் விழும் செய்திகளில் ஒரு பகுதி, அவர்களைக் கடைசி நேரம் வரை காக்க வைத்துவிட்டு அதன்பின் செய்ததால் விளைந்தது.

உலக அவசர அறுவை சிகிச்சைச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 65 வயதைக் கடந்திருப்பது என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பித்தப்பை அழற்சிக்கு அறுவை சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று தெளிவாகவே கூறுகின்றன. பார்க்க வேண்டியவை வேறு: இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை, நினைவுத்திறன், உடல் எடை அண்மையில் குறைந்திருக்கிறதா, தாமே குளித்து உடுத்தி நடமாடுகிறாரா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பவை. உடல் தளர்ச்சியை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை முதியோர் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், எண் கூடக் கூடத் தளர்ச்சி கூடுதல் என்று பொருள். 78 வயதில் 3-ஆம் படியில் இருப்பவர், 66 வயதில் 7-ஆம் படியில் இருப்பவரைவிட இந்த அறுவை சிகிச்சைக்குப் பொருத்தமானவர். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி, தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்கிறார் என்பது.

செய்ய வேண்டியவை: கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையில் பித்தநாளத்தில் கல் இருப்பதற்கான குறி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் பித்தநாளத்தைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படும். மயக்கவியல் மருத்துவரை அறுவை சிகிச்சை நாளன்று முதன்முதலாகச் சந்திக்காமல், சில நாட்களுக்கு முன்பே சந்தித்துவிடுங்கள். அழற்சி தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் செய்வதே பொதுவாக விரும்பப்படுகிறது. 618 பேரைக் கொண்டு 2013-இல் வெளியான ஒரு சோதனையில், சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 11.8 சதவீதத்தினருக்கும், சில வாரங்கள் தள்ளிச் செய்துகொண்டவர்களில் 34.4 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. அந்த வாய்ப்பு உங்கள் தாயாருக்குக் கடந்துவிட்டதால், அழற்சி முழுதாக அடங்கட்டும் என்று தொடக்கத்திலிருந்து ஆறு வாரங்கள் அளவுக்குப் பொறுத்திருந்து செய்வது வழக்கம். இதற்குள் வலியோ காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ தலைகாட்டினால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஒரே அறுவை சிகிச்சைதான், ஒரே கருவிகள்தான். அப்படியிருக்க வயதானவர்களுக்கு மட்டும் சிக்கல் ஏன் கூடுகிறது? உடலில் அப்படி என்ன மாறுகிறது?

பதில்: இரண்டு இடங்களில் மாற்றம் நிகழ்கிறது. ஒன்று உடலின் தாங்குதிறன். மற்றொன்று அந்தப் பித்தப்பையே.

லேப்ராஸ்கோப்பியின்போது உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறோம். வழக்கமான அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு. அந்த அழுத்தம் வயிற்றிலுள்ள பெரிய ரத்தக் குழாய்களை, அதாவது சிரைகளை, அமுக்கி இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் அடிப்பகுதியைச் சுருக்குகிறது. உறிஞ்சப்படும் வாயுவை வெளியேற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டும். முப்பது வயது இதயம் இதைப் பொருட்படுத்தாமல் ஈடுகட்டிவிடும். தசை விறைத்துப்போன முதிய இதயத்துக்கு அந்த ஈடுகட்டும் திறன் குறைவு. அதனால்தான் இதய நோயுள்ள முதியவர்களுக்கு அழுத்தத்தைக் குறைத்து வைத்தும், வாயுவை மெதுவாகச் செலுத்தியும் செய்கிறோம். சிறுநீரகம் மருந்துகளை வெளியேற்றும் வேகமும் வயதோடு குறைவதால், மயக்க மருந்துகளையும் வலி மருந்துகளையும் அளந்து தர வேண்டியிருக்கிறது.

பித்தப்பையின் கதை இன்னும் முக்கியமானது என்று நினைக்கிறேன். எழுபது வயதில் ஒருவர் எங்களிடம் வரும்போது, அவருடைய கற்களுக்குப் பெரும்பாலும் பல ஆண்டு வயது இருக்கும். வெளியே தெரியாத சிறு அழற்சிகள் வந்து வந்து ஆறியதில் பையின் சுவர் தடித்து, சுற்றியுள்ள குடலோடும் கொழுப்போடும் ஒட்டிக்கொண்டிருக்கும். பித்தப்பைக் குழாயும் அதன் தமனியும் பிரிந்து தெரிய வேண்டிய முக்கோணப் பகுதி வடுவாக இறுகியிருந்தால், எது வெட்ட வேண்டிய குழாய், எது தொடவே கூடாத பொதுப் பித்தநாளம் என்று பிரித்தறிவது கடினமாகிறது. அத்தகைய நேரங்களில் லேப்ராஸ்கோப்பியை நிறுத்திவிட்டு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம். வயது கூடுதல், ஆண் பாலினம், அப்போதைய அழற்சி, தடித்த சுவர் ஆகிய நான்கும் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. இன்னொரு வழி, பையின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, ஆபத்தான இடத்தில் ஒட்டியுள்ள சிறு பகுதியை அப்படியே விட்டுவிடுவது. இவ்விரண்டையும் நோயாளியின் குடும்பத்தார் தோல்வியாக எண்ணுகிறார்கள். உண்மையில், பித்தநாளத்தைக் காப்பாற்றுவதற்காக அறுவை மருத்துவர் விழிப்போடு எடுத்த முடிவு அது.

வயதோடு கூடும் மூன்றாவது ஒன்றும் உண்டு. பித்தநாளத்தில் கல் இறங்கியிருக்கும் வாய்ப்பு முதியவர்களிடம் அதிகம். அவ்வாறு இருந்தால் எண்டோஸ்கோப் வழியாகக் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி. சிகிச்சையும் சேர்ந்துகொள்கிறது, ஒன்றுக்கு இரண்டு சிகிச்சைகள் என்றாகும்போது சிக்கல்களுக்கான இடமும் கூடுகிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு தெளிவு தேவை. உடல்நலத்தோடு இருக்கும் முதியவருக்குத் திட்டமிட்டுச் செய்யப்படும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. இளையவரைவிட அபாயம் கூடுதல் என்பது, அபாயம் மிகுதி என்பதாகாது.

கேள்வி: 76 வயதான என் அத்தைக்கு இரண்டு நாட்களாகச் சோர்வும் பசியின்மையும் இருந்தன, பேச்சில் சற்றுத் தடுமாற்றம். வயிற்று வலி என்று அவர் பெரிதாகச் சொல்லவே இல்லை, காய்ச்சலும் இல்லை. கடைசியில் பித்தப்பை அழுகிவிட்டது என்று அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். இவ்வளவு முற்றும்வரை அறிகுறி தெரியாமல் இருக்குமா?

பதில்: இருக்கும், அதிலும் நீரிழிவு உள்ள முதியவர்களிடம் அடிக்கடி காணலாம். காய்ச்சலும் வெள்ளணுக்களின் பெருக்கமும் தொற்றை உடல் எதிர்ப்பதன் வெளிப்பாடுகள். முதுமையில் அந்த எதிர்ப்பு மந்தமாகிறது. வலியை உணர்வதும் மழுங்குகிறது. பையின் சுவருக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் ஏற்கெனவே குறுகியிருப்பதால், கல் அடைத்து உள் அழுத்தம் கூடும்போது சுவர் அழுகுவதும் துளைபடுவதும் விரைவாக நடக்கின்றன. நோய் வேகமாக முற்றுகிறது, அறிகுறி மெதுவாகத் தெரிகிறது. முதியவர்களின் முடிவுகள் மோசமாவதற்கு இந்த இடைவெளியும் ஒரு பெரிய காரணம்.

ஆகவே முதியவர் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, உணவை ஒதுக்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் வயிற்றின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்துபார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை. ஸ்கேனில் கற்கள் இருப்பதாக முன்பே தெரிந்திருந்தால், மருத்துவமனைக்குச் செல்லும்போது அந்த அறிக்கையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 84 வயது. இதயம் பலவீனம். பித்தப்பை அழற்சி வந்தபோது, அறுவை சிகிச்சை தாங்கமாட்டார் என்று, தோல் வழியாக ஒரு குழாயைப் பித்தப்பைக்குள் வைத்துச் சீழை வடித்தார்கள். நலமாக இருக்கிறார். குழாய் இன்னும் இருக்கிறது. இதுவே போதுமா?

பதில்: உயிர் காக்கும் முதல் படியாக அது சரியான முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் குழாய் வைத்தல் எளிதானது, ஆகவே பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனை வலுவாகக் கேள்விக்கு உள்ளாக்கியது. 2018-இல் வெளியான அந்தச் சோதனையில், அறுவை சிகிச்சைக்கு அபாயம் மிகுந்தவர்கள் என்று கணிக்கப்பட்ட 142 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை, மற்றொன்றுக்குக் குழாய். பெரிய சிக்கல்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 12 சதவீதத்தினருக்கு ஏற்பட்டன. குழாய்க் குழுவில் 65 சதவீதத்தினருக்கு. பித்தநோய் திரும்ப வந்தது 5 சதவீதத்துக்கு எதிராக 53 சதவீதம். வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததால் சோதனையே இடையில் நிறுத்தப்பட்டது. உயிரிழப்பில் மட்டும் இரு குழுக்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

இந்த முடிவை அப்படியே உங்கள் தந்தைக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்களையும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களையும் அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. இதயம் எந்த அளவுக்குப் பலவீனம் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. எனவே நீங்கள் இப்போது கேட்க வேண்டியது இதயநோய் மருத்துவரை: இதயத்தின் நிலை மருந்துகளால் இன்னும் சீராகுமா? சீரானால், சில வாரங்களுக்குப் பின் பித்தப்பையை அகற்றுவதே நிலையான தீர்வு. ஆகாது என்று உறுதியானால், குழாய் வழியே சாயம் செலுத்திப் படம் எடுத்து, பித்தம் தடையின்றிக் குடலுக்குப் போகிறதா என்று பார்த்து, போகிறது என்றால் குழாயை எடுத்துவிட்டுக் கவனித்து வரலாம். வசதியுள்ள மையங்களில் எண்டோஸ்கோப் மூலம் பித்தப்பையிலிருந்து குடலுக்கே உட்புறமாக ஒரு ஸ்டென்ட் வைத்து, வெளிக்குழாயின் தொல்லை இல்லாமல் செய்கிறார்கள். அறுவை சிகிச்சை ஒருபோதும் இயலாது என்று முடிவானவர்களுக்கு அது நல்ல வழி. எந்த முடிவும் எடுக்காமல் குழாயோடு மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் கூடாது. குழாய் நழுவும், அடைக்கும், தோலைப் புண்ணாக்கும்.

தந்தையார் தெளிவாகப் பேசக்கூடியவராக இருந்தால், அவர் என்ன விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டீர்களா? 84 வயதில் சிலருக்கு ஆயுள் நீட்டிப்பைவிட வீட்டில் தொல்லையின்றி இருப்பதே பெரிதாகத் தோன்றும். அதுவும் மதிக்கப்பட வேண்டிய முடிவே.

கேள்வி: எனக்கு 34 வயது. பிரசவத்துக்குப் பிறகு மேல்வயிற்றில் அவ்வப்போது வலி வருகிறது. ஸ்கேனில் பித்தக்கற்கள். இளம் வயதுதானே, ஆபத்து இல்லை, உடனே எடுத்துவிடு என்று சிலரும், இளம் வயதுதானே, பொறுத்துப் பார்க்கலாம் என்று சிலரும் கூறுகிறார்கள்.

பதில்: ஒரே காரணத்தைக் காட்டி இரு தரப்பும் எதிரெதிரான முடிவுக்கு வந்திருப்பதே, வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்குச் சான்று.

முதலில் பார்க்க வேண்டியது, வலி பித்தக்கல்லால்தான் வருகிறதா என்பது. பித்தக்கல் வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ எழுந்து, அரை மணி நேரத்துக்கு மேலாகச் சில மணி நேரம் வரை விடாமல் இருந்து, வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவி, பிறகு முழுமையாக நீங்கும். வயிற்று உப்புசமும் ஏப்பமும் புளிப்பும் மட்டுமே தொல்லை என்றால், பித்தப்பையை எடுத்த பிறகும் அவை தொடர வாய்ப்பு அதிகம். நெதர்லாந்தில் 1,067 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான சோதனையில், பித்தக்கல்லோடு வலி உள்ளவர்களில், வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களிலேயே ஓராண்டுக்குப் பின் முற்றிலும் வலியற்று இருந்தவர்கள் 60 சதவீதத்தினர்தாம். பிரிட்டனில் 434 பேரைக் கொண்டு நடந்து 2023-இல் வெளியான இன்னொரு சோதனை, சிக்கல் இல்லாத பித்தக்கல் வலிக்கு அறுவை சிகிச்சை செய்வதையும் பொறுத்துப் பார்ப்பதையும் ஒப்பிட்டது. 18 மாதங்களில் வலியின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, பொறுத்திருந்தவர்களில் 25 சதவீதத்தினரே அறுவை சிகிச்சைக்கு வந்தனர். 18 மாதம் என்பது குறுகிய காலம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

உங்கள் வயதில் அறுவை சிகிச்சையின் உயிர் அபாயம் மிக மிகக் குறைவு. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பி, ஓரிரு வாரங்களில் வழக்கமான வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பித்தநாளக் காயம் என்ற ஒரு சிக்கல், ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு என்ற அளவில் பொதுவாகச் சொல்லப்படுவது, இளமை என்பதற்காக விலகி நிற்பதில்லை. அது நேர்ந்தால் அதன் விளைவுகளைச் சுமக்க வேண்டிய ஆண்டுகள் இளையவருக்கே அதிகம். ஆகவே அழற்சி இல்லாத நேரத்தில், அனுபவமுள்ளவரிடம் செய்துகொள்வது உங்களுக்கும் முக்கியம்.

வலி மேலே சொன்ன வகையில் திரும்பத் திரும்ப வருகிறது என்றாலோ, மீண்டும் கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலோ, எடுத்துவிடுவதன் பக்கம் நான் சாய்வேன். கர்ப்ப காலத்தில் பித்தப்பையில் கசடும் கல்லும் கூடுவதும், அப்போது அழற்சி வந்தால் இரு உயிர்களைக் கவனிக்க வேண்டியிருப்பதும் காரணம். இல்லையென்றால் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: எனக்கு 70 வயது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் பித்தக்கல் இருப்பது தெரிந்தது. எந்தத் தொல்லையும் இல்லை. 80 வயதில் அவசரமாகச் செய்வதைவிட, நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் அல்லவா?

பதில்: முதல் கேள்விக்கு நான் தந்த விடையைப் படித்தபின் இப்படித் தோன்றுவது இயல்புதான், ஆனால் உங்கள் நிலை வேறு. பித்தக்கல் உள்ளவர்களில் ஐந்தில் நால்வருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. தொல்லையற்றவர்களில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவில்தான் புதிதாக வலி தொடங்குகிறது. பெரும்பாலும் முதலில் வருவது சாதாரண வலியே என்பதால், அப்போது முடிவெடுக்க அவகாசம் கிடைக்கிறது. வராமலே போகக்கூடிய ஒன்றுக்காக அறுவை சிகிச்சையின் அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை. வலி வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

விதிவிலக்குகள் உண்டு. ஸ்கேன் அறிக்கையில் பாலிப், அதாவது பித்தப்பையின் உட்சுவரில் முளைத்த சிறு சதை வளர்ச்சி, என்று குறிப்பிட்டிருந்து அது 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், புற்றுநோய் அச்சத்தால் பித்தப்பையை அகற்றச் சொல்வோம். 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையுள்ள பாலிப்புக்கும், 60 வயதைக் கடந்தவராக இருந்தால் அகற்றுவதைப் பரிந்துரைக்கின்றன 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள். வயது கூடுவதே அறுவை சிகிச்சைக்கான காரணமாக மாறும் அரிய இடம் இது.

கேள்வி: ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பித்தக்கல் வருமா? வந்தால் அந்த வயதில் பித்தப்பையை எடுக்கலாமா?

பதில்: வரும். சிவப்பணுக்கள் விரைந்து சிதையும் பரம்பரை ரத்த நோய்கள் உள்ள குழந்தைகளிடம் நிறமிக் கற்கள் உருவாகின்றன. உடல் பருமனும் இன்னொரு காரணம். வலி தரும் கற்கள் என்றால் லேப்ராஸ்கோப்பி மூலம் அகற்றலாம், குழந்தைகள் நன்றாகத் தாங்குகிறார்கள், பித்தப்பை இல்லாததால் வளர்ச்சி தடைப்படுவதில்லை. காரணமான ரத்த நோயைக் கண்டறியாமல் பித்தப்பையை மட்டும் எடுத்து அனுப்புவது அரைகுறை மருத்துவம்.

கேள்வி: என் கணவருக்கு 73 வயது. அடுத்த மாதம் பித்தப்பை அறுவை சிகிச்சை. ரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறார். வேறொரு அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு நாட்கள் மனக்குழப்பத்தோடு இருந்தார். இந்த முறை எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். ஆஸ்பிரின் என்றால் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். குளோபிடோக்ரல் ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன்பும், வார்ஃபரின் ஐந்து நாட்களுக்கு முன்பும் நிறுத்தப்படுவது வழக்கம். புதிய வகை மருந்துகளுக்கு இன்னும் குறைந்த இடைவெளி போதும், சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து அது மாறும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால் எப்போது வைத்தது என்பதைக் கட்டாயம் தெரிவியுங்கள். அண்மையில் வைத்ததென்றால், அவசரமற்ற அறுவை சிகிச்சையைச் சில மாதங்கள் தள்ளிவைக்கவே இதயநோய் மருத்துவர் சொல்லக்கூடும். நீரிழிவு மாத்திரைகளில் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகையைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் மயக்கவியல் மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.

முன்பு மனக்குழப்பம் வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அந்தச் செய்தியை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். தூக்க மாத்திரைகளையும் சில வகை வலி மருந்துகளையும் தவிர்த்தோ குறைத்தோ தருவார்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் ஆகியவற்றை அறுவை சிகிச்சை முடிந்து விழித்தவுடன் திரும்ப அணிவிக்கச் செய்யுங்கள். கண்ணும் காதும் தெளிவாக இல்லாதபோது குழப்பம் எளிதில் பற்றிக்கொள்கிறது. பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருப்பதும், பகலில் வெளிச்சமும் இரவில் இடையூறில்லாத உறக்கமும் கிடைப்பதும் பெரிதும் உதவும். குழப்பம் வந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனால் அது சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் உப்பின் அளவு மாறுதல் போன்றவற்றின் வெளிப்பாடாகவும் இருக்கக்கூடுமாதலால், செவிலியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

இந்த ஒரு மாதத்தில் அவர் அன்றாடம் நடக்கட்டும். புகைபிடிப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும். ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியை இப்போதே பழகட்டும். அறுவை சிகிச்சை முடிந்த அன்றே, மருத்துவர் அனுமதித்தவுடன், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வலிக்கிறதே என்று நீங்கள் தடுக்காதீர்கள். வலிக்கு மருந்து கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள். இளையவர்களைப் போல ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் வயதில் பசியும் பலமும் முழுதாகத் திரும்ப நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். இடையில் காய்ச்சல், மஞ்சள் காமாலை, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், மறுபரிசோதனைக்குக் கொடுத்த நாள் வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.